நந்தினியாக விழித்தால்

அக்காவின் கழுத்தில் வந்த கட்டி ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று பயாப்ஸி முடிவு வந்தது 2024 செப்டம்பரில். குமரி மாவட்டத்துக்காரர்கள் இப்படி ஒரு காகிதம் கைக்கு வந்தால் யாரிடமும் வழி கேட்பதில்லை. திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறிவிடுவார்கள். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட ரீஜனல் கேன்சர் சென்டரை எங்கள் பக்கம் ஆர்.சி.சி. என்றால்தான் தெரியும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை மட்டும் பழையபடி வடக்கேதான் போகிறது. ஓ.பி.யில் உட்கார்ந்திருந்தால் தக்கலைத் தமிழும் தென்காசித் தமிழும் காதில் விழாத நாள் கிடையாது.

பதினைந்து நாளுக்கு ஒரு கீமோ, ஆறு மாதம் என்று கணக்குச் சொன்னார்கள். நான்கு மருந்துகள் சேர்ந்த ஏ.பி.வி.டி. முறை. அதில் முதலாவது நல்ல சிவப்பு. அது ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் போய்வர அக்காவின் உடம்பு தாங்காது என்பதால் வலியசாலையில், தமிழ் அக்ரகாரத்துப் பழைய வீடு ஒன்றின் பின்கட்டை வாடகைக்கு எடுத்தோம். அத்தானுக்குக் கடையை விட்டு வர வழியில்லை. நான் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அக்காவின் பைஸ்டாண்டர் ஆனேன். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு இருப்பவருக்கு அதுதான் பெயர். பெயரே சொல்லாமல் ‘பைஸ்டாண்டர் வரூ’ என்று கூப்பிடுவார்கள்.

அந்தச் சமயத்தில் என் தோழியின் கல்லூரி போகும் மகள் ஒரு புத்தகம் கொடுத்தாள். ‘லாங் லிவ் ஈவில்’ என்ற ஆங்கில நாவல், அயர்லாந்து எழுத்தாளர் சாரா ரீஸ் பிரென்னன் எழுதி அந்த வருஷம்தான் வெளிவந்திருந்தது. பின்னட்டையைப் படித்துவிட்டு அதைத் துணிப்பையின் அடியில் வைத்துவிட்டேன். கதாநாயகிக்குப் புற்றுநோய். அதை அக்கா முன்னால் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காதான் துண்டு தேடும்போது எடுத்துப் பார்த்து, “இது என்னட்டி கதை?” என்றாள். அவளுக்கு ஆங்கிலம் ஓடாது என்றில்லை. மருந்து ஏறத் தொடங்கியபிறகு எழுத்து கண்ணில் நிற்கவில்லை. ஆகவே நான் வாசித்து, பக்கத்துக்குப் பக்கம் நாகர்கோவில் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மருந்து சொட்டுகிற நேரம் முழுக்க எங்களுக்கு இதுவே வேலையாயிற்று.

இருபது வயது ரே ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நோய் முற்றிவிட்டது. அவளுடைய தங்கை ஆலிஸுக்கு உயிருக்கு உயிரான மாயக்கதைத் தொடர் ஒன்று உண்டு. அக்காவின் படுக்கையருகே உட்கார்ந்து அதைத்தான் வாசித்துக் காட்டுவாள். ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு பெண் அறைக்குள் வந்து பேரம் பேசுகிறாள். அந்தக் கதைக்குள் போ, அங்கே வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூவைப் பறி, பிழைத்துக்கொள்வாய், தவறினால் செத்துப்போவாய். ரே சம்மதிக்கிறாள். கண் விழித்தபோது அவள் இருந்தது கதாநாயகியின் உடம்பில் இல்லை. கதாநாயகியைப் படாதபாடு படுத்தும் ராகேலாவின் உடம்பில். மூலக்கதைப்படி ராகேலாவுக்கு மறுநாள் மரண தண்டனை.

அங்கிருந்து ரே செய்வதெல்லாம் அழிச்சாட்டியம். தனக்கு எதிர்காலம் தெரியும், தான் தீர்க்கதரிசி என்று ராஜாவிடம் துணிந்து பொய் சொல்கிறாள். கதையில் சாகப்போகிற மற்ற கெட்டவர்களைக் கூட்டுச் சேர்க்கிறாள். ஆனால் கதை அவளுக்கே பாதிதான் நினைவிருக்கிறது. நோயும் மருந்தும் அவள் ஞாபகத்தில் ஓட்டை போட்டுவிட்டன. தங்கை வாசித்தபோது அரைகுறையாகத்தான் காதில் வாங்கினாள். நான் இதைச் சொன்னதும் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் வைத்ததை மறப்பது, தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல்போவது என்று அவளே அந்த நாட்களில் தவித்துக்கொண்டிருந்தாள். “எழுதினவளுக்கு இது எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். பிரென்னனுக்கும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா முற்றிய நிலையில் வந்தது, சிகிச்சை எடுத்துப் பிழைத்தவர் அவர் என்று சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் மருந்துப் பையையே பார்த்தாள். “அப்போ செவப்பு மருந்து அவளுக்கும் ஏறியிருக்கும். நல்லா வாசி.”

கதைக்குள் போய் வில்லனாக விழிப்பது இந்த எழுத்தாளரின் கண்டுபிடிப்பு அல்ல. சீனத்திலும் ஜப்பானிலும் கொரியாவிலும் அது தனி வகையாகவே பெருகியிருக்கிறது. தான் திட்டிக்கொண்டே படித்த தொடரின் கெட்ட குருவாக ஒரு வாசகன் விழிக்கும் சீன நாவல் 2014-லேயே இணையத்தில் தொடராக வரத் தொடங்கிவிட்டது. கெட்டவள் முடிவில் என்ன ஆவாள் என்பது வாசகருக்குத் தெரியும், அதனால் அதைத் தடுக்கலாம் என்ற ஆசைதான் இவற்றின் அடிப்படை என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் வாசித்தபோது எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. அதைத் தெரியவைத்தது அக்கா.

ஒரு சாயங்காலம் சும்மா கேட்டேன்: “நீ பொன்னியின் செல்வனுக்குள்ள முழிச்சா யாரா முழிப்பே?”

எங்கள் வீட்டில் அது வேதம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்ததைப் பாட்டி கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாள், மணியம் படங்களோடு. அக்கா அதை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நான் எதிர்பார்த்தது குந்தவையை. பூங்குழலி என்றாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

“நந்தினி” என்றாள், மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்காமல்.

“குந்தவைக்கு என்ன வேணும்னு யோசிச்சுப் பாருட்டி. நாடு நல்லாருக்கணும், அப்பா நல்லாருக்கணும், தம்பி நல்லாருக்கணும். வானதி பாவம், அவளுக்கு மயக்கம் போடத்தான் நேரமிருக்கு. எனக்கு இது வேணும்னு வாய்விட்டுக் கேக்குறது அந்தக் கதையில நந்தினி ஒருத்திதான். அவ கேட்டது தப்பா இருக்கட்டும். கேக்காளா இல்லியா?”

பிறகு வாரக்கணக்கில் இது ஓடியது. ரேவுக்குக் கதை பாதி மறந்திருந்தது. அக்காவுக்கோ ஐந்து பாகமும் அத்தியாயம் வரிசையாகத் தெரியும். நந்தினியாக விழித்தால் முதல் காரியமாக அந்த மீன் சின்ன வாளை ஆற்றில் போடுவதா, வைத்துக்கொள்வதா? கடம்பூர் மாளிகைக்கு ஆதித்த கரிகாலனை வரச்சொல்லி ஓலை அனுப்பாமலே இருந்தால் என்ன? பெரிய பழுவேட்டரையரிடம் உண்மையைச் சொன்னால் அந்த மனுஷன் தாங்குவாரா? “அவரு தாங்குவாரு. அவரைத்தான் கல்கி சரியா நம்பலை” என்பாள். கரிகாலனைக் காப்பாற்றவேண்டியது உன் கடமை இல்லையா, முடிவு தெரிந்தவள் ஆயிற்றே என்று கேட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனை விட்டுவிடச் சொல்லி நந்தினி காலில் விழுந்து கெஞ்சியதையும், கரிகாலன் கேட்காமல் தலையை வெட்டியதையும் நேற்று நடந்ததுபோலச் சொன்னாள். “காப்பாத்துவேன். ஆனா மன்னிக்க மாட்டேன். ரெண்டும் வேற வேற.”

வரலாற்றில் நந்தினி இல்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் இருப்பவர்கள் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்கள். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த நிலங்களைப் பறித்த செய்தி, ராஜராஜனின் தொடக்க ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்கி அந்த வெற்றிடத்தில் ஒரு பெண்ணை வைத்தார். தமிழ் வாசகர்கள் நாம் எழுபது வருஷமாக அவளைப் பார்த்துப் பயந்தும் சொக்கியும் வருகிறோம். கல்வெட்டில் பெயரில்லாதவள், பெயருள்ளவர்களையெல்லாம் விழுங்கிவிட்டாள்.

நாங்கள் குடியிருந்த தெருவும் இந்தக் கதையில் வந்து சேர்ந்தது. வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் காந்தளூர் மகாதேவர் கோயில். ராஜராஜன் மெய்க்கீர்த்திகள் பெருமையோடு முதலில் சொல்லும் காந்தளூர்ச் சாலை வெற்றியை வரலாற்றாய்வாளர்கள் பலர் இந்த வலியசாலையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். சாலை என்றது பிராமண மாணவர்கள் படித்த கல்விச்சாலை. ஆயுதப் பயிற்சியும் அங்கே நடந்தது என்பார்கள். கரிகாலனைக் கொன்றவர்களுக்கும் இந்தச் சாலைக்கும் தொடர்பு இருந்திருக்கலாம் என்று யூகிப்பவர்கள் உண்டு, அது யூகம்தான். அக்காவுக்கு யூகமே போதும். சோழர் கதையில் எதிரியின் ஊர் எதுவோ அங்கேதான் அவள் மருந்துக்கு வந்து தங்கியிருக்கிறாள் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரத்த அணுக்களின் கவுண்ட் குறையாத நாட்களில், கூட்டமில்லாத மத்தியான வேளையில், மாஸ்க் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி கோயில் வாசல்வரை போய்வருவாள். நந்தினிக்கு இங்கே வீடு கிடைத்திருந்தால் தஞ்சாவூர் பக்கமே போயிருக்க மாட்டாள் என்று ஒரு நாள் சொன்னாள்.

அந்த ஆறு மாதத்தில் எங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். பழம் வாங்கி வந்தார்கள். பச்சையாகச் சாப்பிடக்கூடாது என்பதால் அதை வீட்டு உரிமையாளரின் பேரப்பிள்ளைகள் தின்றார்கள். எல்லோரும் அக்காவிடம் ஒன்றைத்தான் சொன்னார்கள். பொறுமையாக இரு. தைரியமாக இரு. சிரித்த முகமாக இரு. ஆண்டவன் தனக்குப் பிடித்தவர்களைத்தான் சோதிப்பான். அக்கா சிரித்தாள், தலையாட்டினாள். அவர்கள் வெளியே போய் என்னிடம், உன் அக்கா எவ்வளவு பொறுமைசாலி என்று நெகிழ்ந்தார்கள். இரவு அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நோயில் விழுந்தவரை நாம் உடனே நல்லவராக்கிவிடுகிறோம். வலிக்கிறது என்று கத்தக்கூடாது. ஏன் எனக்கு என்று கேட்கக்கூடாது. நன்றாக இருப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது. எதுவும் ஆசைப்படக் கூடாது. ஆசைப்பட்டால் கிடைக்காதபோது நமக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். படுக்கையில் இருப்பவர் நமக்காகச் செய்துகொடுக்கவேண்டிய வேலையாகப் பொறுமையை ஆக்கிவைத்திருக்கிறோம். பிரென்னனின் நாவல் என்னைப் பிடித்து உலுக்கியது இந்த இடத்தில்தான். ரே வில்லியாக விழித்தபிறகு செய்கிற முதல் நல்ல காரியம், தனக்கு உயிர்வாழ வேண்டும் என்று வெட்கமில்லாமல் சொல்வது. கதாநாயகிகள் மற்றவர்களுக்காக உயிரைக் கொடுப்பார்கள். கெட்டவளுக்குத்தான் தன் உயிர் வேண்டும்.

ஜனவரியில், சித்தி வந்திருந்தபோது, அது வெடித்தது. முடி கொட்டியதைப் பற்றிப் பேச்சு வந்து, போனால் போகுது, பொறுமையா இரி மக்களே, எல்லாம் சரியாகும் என்று சித்தி எப்போதும்போலச் சொன்னாள். அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கட்டிலில் போட்டாள். “எனக்குப் பொறுமை இல்ல சித்தி. முடியும் வேணும். உசிரும் வேணும். அவரு கடையில கணக்கு யாரு பாக்கான்னு தெரியணும். என் சோலியெல்லாம் கெடக்கு. இது ஆண்டவன் சோதனைன்னா, அவன்கிட்ட சொல்லுங்க, ஆளு மாறிப்போச்சுன்னு.” குரல் முன்கட்டுவரை கேட்டிருக்கும்.

நான் நடுங்கிப்போனேன். சித்தி கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் துணியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “செரி, பின்னே அந்தக் கெட்டவ கதையத்தான் சொல்லுங்களேன், ரெண்டு பேரும் ரகசியமா வாசிக்கியளே” என்றாள். சொன்னோம். கேட்டுவிட்டு, இது என்ன பெரிய அதிசயம், நம்ம தம்பிமார் கதை இல்லியா என்றாள்.

சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ நாவலை நான் படித்திருக்கிறேன். வேணாட்டு இளவரசரைக் கொல்லத் துரத்தும் வில்லன், பழைய ராஜாவின் மகன் பத்மநாபன் தம்பி. எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவனுக்குத் துணை. திருவனந்தபுரத்தில் பள்ளிக்குப் போன யாருக்கும் அவன் கெட்டவன்தான். எங்கள் ஊர் வில்லுப்பாட்டான தம்பிமார் கதையில் அவனும் அவன் உடன்பிறந்தவனும் வீரர்கள். அவர்கள் தங்கையை மார்த்தாண்டவர்மா பெண் கேட்டதில் மூண்ட பகை, நாகர்கோவில் அரண்மனையில் அவர்கள் வெட்டுப்பட்டுச் சாவதில் முடியும். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களைத் தெய்வமாக்கிப் படையல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சித்தி சின்ன வயதில் கொடை விழாவில் விடிய விடியக் கேட்டதை, கட்டிலில் தாளம் போட்டுக்கொண்டு சொன்னாள். நாற்பத்தைந்து மைல்கூட இல்லாத தூரத்தில் ஒரே சாவு ஒரு பக்கம் வெற்றி, ஒரு பக்கம் ஒப்பாரி. அன்று அக்கா நிறையச் சாப்பிட்டாள்.

கடைசிக் கீமோ மார்ச்சில் முடிந்தது. ஸ்கேனில் ஒன்றும் ஒளிரவில்லை. டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டி, மூன்று மாதத்துக்கொரு தடவை வந்தால் போதும் என்றார். பின்கட்டைக் காலிசெய்வதற்கு முன்னால் பத்மநாபசுவாமி கோயிலில் பைங்குனித் திருவிழா வந்தது. கிழக்கு வாசல் கோபுரத்தின் கீழ்த்தளம் நாடகசாலை. பைங்குனி, அல்பசி ஆகிய இரண்டு திருவிழாவிலும் ராத்திரி கதகளி ஆடுவது அங்கே மரபு. அக்காவுக்குப் போயே ஆகவேண்டும். நாங்கள் கூட்டத்துக்கு விலகி, ஒரு ஓரமாக உட்கார்ந்தோம்.

அன்று பாலிவிஜயம். கல்லூர் நம்பூதிரிப்பாடு எழுதிய ஆட்டக்கதை. ராவணன்தான் மையம், கத்தி வேஷம். கதகளியில் ராமன், அர்ஜுனன், நளன் எல்லோருக்கும் முகத்தில் பச்சை. ராவணன், கீசகன், துரியோதனன், நரகாசுரனுக்கும் அடிப்பூச்சு அதே பச்சைதான். அதன்மேல் கன்னத்தில் கத்திபோல மேல்நோக்கி வளையும் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை வரம்பு, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டைகள். கண் சிவக்கச் சுண்டப்பூவின் சிறு விதையை இமைக்குள் இடுவார்கள். உயர்ந்த பிறப்பு என்பது பச்சை; அதை அறுத்துக்கொண்டு எழும் வேட்கை அந்தச் சிவப்பு.

திரைக்குப் பின்னாலிருந்து முதலில் வந்தது அலர்ச்சை. கதகளியில் பச்சை வேஷ நல்லவர்கள் வாய் திறப்பதில்லை. பாடகர் பாட, அவர்கள் கையாலும் கண்ணாலும் பேசுவார்கள். கத்தி வேஷத்துக்கோ தொண்டையிலிருந்து குரல் எழுப்ப அனுமதி உண்டு. செண்டையையும் மீறி அந்த உறுமல் வந்தபோது அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். திரை மெல்லத் தாழ்ந்து ராவணனின் கண்கள் தெரிந்தன. மண்டோதரியோடு அவன் சிருங்காரம் ஆடினான். அத்தனை நிதானமான காதலை அன்று ராத்திரி வேறு எந்தப் பாத்திரமும் ஆடவில்லை. நாரதர் வந்து சந்திரகாச வாள் கிடைத்த கதையைக் கேட்டதும் கைலாசத்தைத் தூக்கிய ஆட்டம் தொடங்கியது. மேடையில் மலை கிடையாது. அந்த நடிகர் அண்ணாந்து பார்த்து உயரத்தை அளந்தார், அடியில் கை கொடுத்தார், நெம்பினார், விட்டார், மூச்சு வாங்கினார், மறுபடி நெம்பினார். இது அரை மணிக்கு மேல். எங்களுக்கு மலை தெரிந்தது. பாலி என்கிற வாலியின் வாலில் கட்டுப்பட்டு அவன் தோற்கப் போகிறான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் தோல்வியைப் பார்க்க விழித்திருக்கவில்லை.

“நம்ம ஆளு இல்லியா” என்று அக்கா காதருகே சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ரே, ராகேலா, நந்தினி, தம்பிமார் என்று அந்த ஆறு மாதத்தில் எங்களோடு இருந்தவர்கள் நிறையப்பேர்.

‘லாங் லிவ் ஈவில்’ முதல் பாகம்தான். ராகேலாவை நட்டாற்றில் விட்டுவிட்டு முடிகிறது. அக்கா ஊர் திரும்பியபிறகு அதை முதலிலிருந்து தானே ஆங்கிலத்தில் வாசிக்க ஆரம்பித்தாள், பக்கத்தில் அகராதியும் பென்சிலும் வைத்துக்கொண்டு. நான் சொன்ன கதையில் சில இடங்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று சண்டை பிடித்தாள். அடுத்த பாகம் வந்ததும் வாங்கி அனுப்புகிறேன் என்றேன்.

“எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு வாங்கு. நீ முன்னாலேயே வாசிச்சுட்டு எங்கிட்ட முடிவச் சொல்லிரப்பிடாது, கேட்டியா?”

கேட்டேன். இரண்டு பிரதிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.